சாமி படத்துக்கு ஏது ஓனர்?

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் முதலாளிமாருக்கும், காலண்டர் மாதிரிகளைத் தொகுத்து ஆல்பம் போடும் டிசைனர்களுக்கும், அந்த ஆல்பத்தைப் பைக்கில் கட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் ஏஜென்ட் அண்ணாச்சிகளுக்கும் வணக்கம்.

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்து ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவீர்கள். அதற்குள் இந்த மடல் உங்களிடம் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். ஆல்பம் வெளியே போய்விட்டால் அப்புறம் ஒரு பக்கத்தையும் மாற்ற மாட்டீர்கள். ஆர்டர் வந்துவிட்டது, பிளேட் போட்டாச்சு, அட்டை வெட்டியாச்சு என்று ஒவ்வொன்றாகக் காரணம் வரும். எனக்குத் தெரியும், ஒருமுறை எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டிருக்கிறேன்.

நான் சாமி படம் வரைகிறவள். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் என் வீட்டுக்கு வந்துவிடலாம். அய்யனார், கருப்பசாமி, சுடலை, பேச்சி, இசக்கி என்று நம் பக்கத்துக் காவல் தெய்வங்களைத்தான் அதிகம் வரைவேன். முன்பெல்லாம் காகிதத்தில் வாட்டர்கலர். இப்போது பென்சிலில் வரைந்து, ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் இசக்கியம்மன் வரைந்தேன். கையில் பிள்ளை, பின்னால் கள்ளிச்செடி. கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கிய கதை உங்களுக்கும் தெரியும். கள்ளி இல்லாமல் இசக்கி இல்லை. ஆனால் காதில் ஜிமிக்கி போடவில்லை. என் ஆச்சியின் பாம்படத்தை, காதை இழுத்துத் தொங்கவிடும் அந்தக் கனமான காதணியைப் போட்டேன். ஆச்சிக்கு இடது காது வலதைவிட ஒரு விரற்கடை கூடுதலாகத் தொங்கும். சின்ன வயதில் காது வளர்த்தபோது ஒரு பக்கம் புண்ணாகிப் போனதாம். அந்த வித்தியாசத்தையும் அப்படியே வரைந்தேன். கள்ளியின் அடியில், வழக்கம்போல, என் கையெழுத்து.

போன வருஷம் தை மாதம் சாத்தூர்ப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் பருப்பு வாங்க நின்றேன். கல்லாவுக்கு மேலே ஆச்சி தொங்கிக்கொண்டிருந்தாள்.

தினசரி காலண்டர். நான் செம்மண் நிறத்தில் விட்டிருந்த வானம் ஊதாவாக மாறியிருந்தது. தலைக்குப் பின்னால் தங்கக் கலரில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளையின் காலுக்குக் கீழே கடைப் பெயர், செல் நம்பர், ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’. காது மட்டும் அப்படியே, இடது பக்கம் ஒரு விரற்கடை கூடுதலாக. கையெழுத்து இருந்த இடத்தில் கள்ளியின் முள்ளையே எடுத்து எடுத்து ஒட்டி மூடியிருந்தார்கள். மூடினவருக்கு அவசரம் போல. கடைசி எழுத்தின் கொம்பு ஒன்று முள்ளோடு முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆல்பத்தில் பார்த்தார், பிடித்திருந்தது, ஆர்டர் கொடுத்தார். அட்டையின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அச்சக நம்பருக்குப் போன் போட்டேன். அந்த அச்சகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெயரை எழுதினால் மற்ற எல்லோரும் ‘நாம இல்லப்பா’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

போனில் பேசிய அண்ணாச்சி மரியாதையான மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அப்புறம், நிஜமாகவே புரியாமல்தான், இப்படிக் கேட்டார்: “ஏம்மா, சாமி படத்துக்கு ஏது ஓனர்?”

இந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

இசக்கிக்கு ஓனர் கிடையாது. மயிலோடு நிற்கும் முருகனுக்கும், தாமரை மேல் உட்கார்ந்த லட்சுமிக்கும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரையலாம். 1978-இல் உச்ச நீதிமன்றம் ஒரு நாடகக்காரருக்கும் சினிமாக்காரருக்கும் நடந்த வழக்கில் இதைத்தான் சொன்னது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு என்று வக்கீல்கள் இன்றைக்கும் எடுத்துக்காட்டுவார்கள். ஒரு கருத்துக்கோ, கருப்பொருளுக்கோ, புராணக் கதைக்கோ, வரலாற்றுச் சம்பவத்துக்கோ பதிப்புரிமை இல்லை; அதை ஒருவர் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. ஒரே கருவை இரண்டு பேர் எடுத்தால் சாயல் இருக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, ‘இது அதனுடைய நகல்’ என்று சந்தேகமில்லாமல் தோன்றினால் அது திருட்டு. அந்த வழக்கில் நாடகக்காரர் தோற்றார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சட்டம் எப்போதும் படைத்தவர் பக்கமே சாயும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

ஆக, உங்கள் டிசைனர் உட்கார்ந்து தன் கையால் ஓர் இசக்கி வரைந்திருந்தால் நான் வாயைத் திறக்க முடியாது. கள்ளியும் பிள்ளையும் பாம்படமும் போட்டிருந்தாலும்கூட. என் இசக்கியின் காது ஒரு விரற்கடை கூடுதலாகத் தொங்குவது புராணத்தில் இல்லை. அது என் வீட்டிலிருந்து வந்தது.

அண்ணாச்சி அடுத்துக் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான். “உங்க படம்னு என்னம்மா ஆதாரம்?”

கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடம் இது. இதைப் படிக்கும் மற்ற ஓவியர்களுக்கும் உதவும்.

எனக்குப் படம் சொல்லிக்கொடுத்தவர் நாடக சீன் எழுதியவர். அவர் சொன்ன வழி: படத்தை ஒரு கவரில் போட்டு, உனக்கு நீயே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு, வந்ததும் பிரிக்காமல் பீரோவில் வை, கேஸ் வந்தால் ஜட்ஜ் முன்னால் பிரி. சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர்களும் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். நானும் இரண்டு வருஷம் செய்தேன், பீரோவில் இடம் இல்லாமல் போகும் வரை. அந்தக் கவருக்கென்று சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் கிடையாது. ஒட்டாத கவரைக்கூடத் தபாலில் அனுப்பிவிட்டு, பிறகு வேண்டியதை உள்ளே போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். போதாக்குறைக்கு 2025-இல் தபால் துறை ரிஜிஸ்தர் தபாலையே ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டது. வாத்தியார் இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

முறையான வழி, டெல்லியில் இருக்கும் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒரு ஓவியத்துக்கு 500 ரூபாய். டைரி நம்பர் தருவார்கள். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருந்துவிட்டு அப்புறம்தான் பரிசீலனைக்கு எடுப்பார்கள். தீப்பெட்டி லேபிள் மாதிரி, பொருளின் மேல் ஒட்டுகிற படமாக இருந்தால் கட்டணம் 2000. அதோடு டிரேட்மார்க் பதிவாளரிடம் ஒரு சான்றும் வாங்க வேண்டும். லேபிள் அச்சடித்துப் பழகிய உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். பதிவேட்டில் ஏறிவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவுப்படி அது முதல் நோக்கிலேயே ஏற்கத்தக்க சாட்சியம். ‘இல்லை’ என்று நிரூபிக்கும் வேலை எதிராளியுடையது.

ஆனால் பதிந்தால்தான் உரிமை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். 1957-ஆம் வருஷச் சட்டத்தில் அப்படி இல்லை. பென்சில் காகிதத்தில் பட்டு ஒரு படம் உருவாகும்போதே உரிமையும் பிறந்துவிடுகிறது. பதிவு அதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். நான் வருஷத்துக்கு நாற்பது படமாவது வரைகிறேன். எல்லாவற்றையும் பதிந்தால் 20,000 ரூபாய். அதில் முப்பத்தைந்தை யாரும் திருடப்போவதில்லை. எந்த ஐந்து என்று முன்கூட்டியே தெரிந்தால் நான் ஜோசியம் பார்க்கப் போயிருப்பேன்.

ஆகவே அண்ணாச்சிக்கு நான் அனுப்பியது வேறு. முதலில் பென்சில் வரைவுகள், மொத்தம் ஒன்பது. அதில் நான்காவதில் இசக்கி இன்னும் ஜிமிக்கிதான் போட்டிருந்தாள். ஐந்தாவதில்தான் பாம்படம் வந்தது. பிறகு, படத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி லேயராக, ஒன்றாக்காமல் இருக்கும் மூலக் கோப்பைத் திறந்து, லேயர்களை ஒவ்வொன்றாக மறைத்துக் காட்டி ஒரு வீடியோ. கள்ளி தனியாக, பிள்ளை தனியாக, இடது காது தனியாக, கையெழுத்து தனியாக. கூடவே ஆச்சியின் போட்டோ. அப்புறம் ஒரு வேண்டுகோள்: உங்கள் டிசைனர்தான் வரைந்தார் என்றால் அவருடைய கோப்பையும் இப்படித் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாவது நாள் வந்தது. அவரிடம் இருந்தது ஒற்றை லேயர், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஜேபெக் படம். யாரோ ஒரு கஸ்டமர் ‘இது மாதிரி வேணும்’ என்று அனுப்பினாராம்.

இந்த ‘இது மாதிரி’தான் உங்கள் தொழிலில் எல்லா வினையும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அதற்குள் இருக்கும் தேதி, வரைந்தவர் பெயர் மாதிரியான விவரங்கள் உதிர்ந்துவிடும். பத்து குரூப் சுற்றி வரும்போது படம் அநாதையாகத்தான் தெரியும். பெற்றவள் அங்கேயேதான் இருக்கிறாள். தேடுவார் இல்லை.

இப்போது நான் இன்னொன்றும் செய்கிறேன். படம் முடிந்த அன்றே கோப்புக்கு ஒரு ‘ஹேஷ்’ எடுத்துவிடுகிறேன். கோப்பின் கைரேகை மாதிரி, 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த வரி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில், கோர்ட்டில் மின்னணு ஆவணம் கொடுப்பவர் இணைக்கும் சான்றிதழிலேயே இந்த ஹேஷை எழுத இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் கைரேகைக்குத் தேதி தெரியாது. அதனால் அந்த வரியை அன்றைக்கே என் ஈமெயிலுக்கும் இரண்டு தோழிகளுக்கும் அனுப்பிவிடுகிறேன். அவர்கள், “உன் ராக்கெட் கோடு வந்துருச்சு” என்று பதில் போடுவார்கள். வாத்தியாரின் கவர்தான், பீரோ மட்டும் வேறு.

இத்தனையும் சொன்னேனே தவிர, இவை எல்லாவற்றையும்விட லேசான ஆதாரம் ஒன்று பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடலே. 55-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு: ஒரு ஓவியம் உருவானபோது அதன்மேல் யார் பெயர் இருந்ததோ, அவரே அதைப் படைத்தவர் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை. பதிவு, ஹேஷ், கவர் ஒன்றும் வேண்டாம். கள்ளிச்செடிக்கு அடியில் இருக்கும் நாலு எழுத்து போதும். உங்கள் டிசைனர் முள்ளை எடுத்து ஒட்டி மறைத்தது அந்த நாலு எழுத்தைத்தான். மற்ற எதையும் தொடாமல் அதை மட்டும் குறிவைத்து மறைத்திருக்கிறார் என்றால், அது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ‘இதற்குச் சொந்தக்காரர் இருப்பார் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை’ என்று சொல்லித் தண்டத்தைக் குறைத்துக்கொள்ள அச்சடித்தவருக்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. கையெழுத்தை அழித்தவர் அந்த வழியையும் தானே அடைத்துக்கொள்கிறார்.

சரி, கதைக்கு வருகிறேன். அண்ணாச்சி சமாதானம் பேசினார். “தப்பு நடந்துபோச்சும்மா. ஒரு அம்பது காலண்டர் பார்சல் போட்டு விடுறேன். சொந்தக்காரங்களுக்குக் குடுங்க.”

நல்ல மனசோடுதான் சொன்னார். பிறகு ஒரு வக்கீலைப் பார்த்தபோது அவர் 58-ஆம் பிரிவை வாசித்துக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உரிமை இல்லாமல் அச்சடித்த பிரதிகள் எல்லாமே, அவற்றை அச்சடிக்கப் போட்ட பிளேட் உட்பட, உரிமைக்காரரின் சொத்தாகவே கருதப்படும் என்கிறது சட்டம். ஆக, உங்கள் குடோனில் அடுக்கியிருந்தது முழுக்க என்னுடையது. அதிலிருந்து ஐம்பதை எனக்கே அன்பளிப்பாகத் தர முன்வந்தார். மிச்சத்தைக் கேட்டு வாங்கி வைக்க என் வீட்டுத் திண்ணை போதாது என்பது வேறு விஷயம்.

போலீஸுக்குப் போனால் 63-ஆம் பிரிவு: குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று வருஷம் சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். சப் இன்ஸ்பெக்டர் அளவில் இருப்பவரே வாரண்ட் இல்லாமல் பிரதிகளையும் பிளேட்டையும் எடுத்துப் போகலாம். 2022-இல் உச்ச நீதிமன்றம் இதை உரிமையாக ஜாமீன் கேட்க முடியாத குற்றம் என்றே தீர்ப்புச் சொன்னது. சிவில் வழக்கு என்றால் உங்கள் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை. 62-ஆம் பிரிவு, உரிமைக்காரர் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்கு வக்கீல் நோட்டீஸ் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். நான் ஒரு படத்துக்கு வழக்கமாக வாங்கும் தொகையை அச்சகம் அனுப்பியது. மடித்து வைத்துவிட்டு அடுத்த படத்தைத் தொடங்கினேன்.

இந்தத் தை மாதம் அதே படம் திரும்ப வந்தது, வேறு ஊர்க் கடையில், வேறு அச்சகத்தின் பெயரோடு. வானம் இப்போது பச்சை. ஒளிவட்டம் இரட்டை. முள் ஒட்டின வேலை மட்டும் அதே பழைய வேலை. நீட்டிக்கொண்டிருந்த கொம்புகூட அப்படியே. ஒருவர் அழித்துக் கொடுத்ததை இன்னொருவர் வாங்கிப் போட்டிருக்கிறார். ஒரு ஆளிடம் பேசி இதைத் தீர்க்க முடியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

உங்களுக்கு நான் படம் வரையும் கதையைவிடப் பழைய கதை ஒன்று தெரியும். கோவில்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த கொண்டையராஜு. நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதிக்கொண்டிருந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் உங்கள் ஊர் மெஷினில் ஏறித்தான் தமிழ்நாட்டுப் பூஜையறைகளுக்குள் போனார்கள். சிவகாசி காலண்டர் என்றால் இன்றைக்கும் மனசில் வரும் முகம் அவர் கொடுத்த முகம். அந்தப் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள், கீழ் ஓரத்தில் கையெழுத்து இருக்கும். உங்கள் தாத்தாக்கள் அதை அழிக்கவில்லை. ‘கொண்டையராஜு படம் இருக்கா?’ என்று கடைக்காரர் கேட்டு வாங்கும் அளவுக்கு அந்தக் கையெழுத்து உங்கள் சரக்குக்கே முத்திரையாக இருந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவர் மறைந்தது 1976-இல். நம் சட்டப்படி ஓவியர் மறைந்த பிறகும் 60 வருஷம் உரிமை இருக்கும், மறைந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும். அதாவது 2036 டிசம்பர் கடைசி வரை அவர் வரைந்த படங்களுக்கு யாரோ ஒருவர் உரிமைக்காரர். வாரிசா, அன்றைக்கு எழுதி வாங்கிய அச்சகமா என்பது படத்துக்குப் படம், பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். ஆனால் ‘பழைய சாமி படந்தானே’ என்று ஸ்கேன் எடுத்து ஆல்பத்தில் சேர்க்கிறீர்களே, அது இன்னும் பழைய படம் ஆகவில்லை. ரவிவர்மா வேண்டுமானால் 1906-இலேயே போய்விட்டார், அவர் படங்களைத் தாராளமாகப் போடுங்கள்.

நானும் கொண்டையராஜுவைப் பார்த்துப் பார்த்து வரைந்து படித்தவள்தான். எங்கள் வீட்டுக் கஜலட்சுமியின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து யானைத் தும்பிக்கையை நூறு தடவையாவது எடுத்திருப்பேன். பாணிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது; கொண்டாடினால் நம் ஊரில் ஒருவரும் படம் வரைய முடியாது. டிரேஸ் எடுத்த தும்பிக்கையை என் பெயர் போட்டு நான் விற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டிசைனர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனசில்லை. ஒரு நாளைக்கு எத்தனை அட்டை முடித்தாக வேண்டும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். நீங்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்து வரைவதன் உரிமை சட்டப்படி முதலாளிக்குப் போய்விடுகிறது. வேறு விதமாகப் பேசி வைத்திருந்தால் ஒழிய. உங்கள் பெயரும் எங்கும் வருவதில்லை. அடுத்தவர் கையெழுத்தை அழிக்க உங்களுக்குக் கை கூசாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது ஏஐ-யிடம் என் படத்தைக் கொடுத்து ‘இது மாதிரி’ என்று கேட்கிறீர்கள் என்றும் கேள்விப்படுகிறேன். நானும் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். இசக்கிக்கு ஆறு விரல் வந்தது, பாம்படம் ஜிமிக்கியாகிவிட்டது, பிள்ளை குதிரையின் பிள்ளை மாதிரி இருந்தது. அதை மாட்டி வைத்துக் கும்பிட எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது.

முதலாளிமாரே, நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கையெழுத்தோடு வரும் படத்தைக் கையெழுத்தோடு விடுங்கள். கஸ்டமர் ‘இது மாதிரி’ என்று அனுப்பினால், ஆர்டர் சீட்டில் ‘படம் எங்கிருந்து?’ என்று ஒரு கட்டம் போட்டு, அவரை நிரப்பச் சொல்லுங்கள். நிரப்ப முடியாத படத்தை ஆல்பத்தில் ஏற்றாதீர்கள். கையெழுத்தைப் படித்து, பெயரைத் தேடினால் ஐந்து நிமிஷத்தில் எங்களில் பாதிப் பேர் கிடைத்துவிடுவோம். படம் வாங்கும்போது ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். வாய்ப்பேச்சாக உரிமை மாற்றிக் கொடுத்ததைச் சட்டம் ஏற்பதில்லை. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம் என்றே எடுத்துக்கொள்ளும். எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுக்க. பாருங்கள், எழுதாமல் விட்டதையெல்லாம் சட்டமே நிரப்பிக் கொடுக்கிறது. நீங்கள் எழுத வேண்டியது அரைப் பக்கம்.

உங்களுக்கு லாபமான ஒரு சங்கதியும் உண்டு, இதை உங்களில் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை. 17-ஆம் பிரிவில், ஒருவர் சொல்லி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமைக்காரர் காசு கொடுத்தவரே என்று இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்குக் கசக்கும் பிரிவு. ஆனால் நீங்கள் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, ‘ஓர் இசக்கி வரைஞ்சு குடும்மா’ என்று முன்பணம் கொடுத்திருந்தால், அந்தப் படம் சட்டப்படி உங்களுடையது. பத்து வருஷம் பத்துக் கலரில் போட்டிருக்கலாம், பக்கத்து அச்சகம் எடுத்தால் நீங்களே நோட்டீஸ் விட்டிருக்கலாம். திருடி எடுத்த படத்தை உங்களிடமிருந்து இன்னொருவர் திருடும்போது உங்களால் வாயைத் திறக்க முடியவில்லை, பார்த்தீர்களா?

அப்படி விற்ற பிறகும் ஓவியரிடம் மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான். ‘இதை வரைந்தது நான்’ என்று சொல்லும் உரிமையும், பெயர் கெடும்படி படத்தைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் சேர்ந்த 57-ஆம் பிரிவு. டெல்லி விக்யான் பவனில் அமர்நாத் சேகல் செய்து வைத்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசாங்கமே பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. சிற்பம் அரசாங்கத்தின் சொத்து, காசு கொடுத்து வாங்கியது. இருந்தும் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சியதைச் சிற்பியிடமே திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் தரச் சொன்னது. வானத்தை ஊதாவாக்கியதற்கு நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால், அடுத்த தடவை மாற்றுவதாக இருந்தால் முன்னால் ஒரு போன் போடுங்கள். ஊதாவைவிட நல்ல கலர் சொல்வேன்.

அண்ணாச்சி அனுப்பிய ஐம்பது காலண்டர் பார்சல் கடைசியில் வந்துதான் சேர்ந்தது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் அனுப்பிவிட்டார். ஒன்றை அம்மா எடுத்து அடுப்படிக்கு நேரே மாட்டினாள். வருஷம் முடிந்து தேதித்தாள் எல்லாம் கிழித்த பிறகும் அட்டையை இறக்க விடவில்லை. கடைப் பெயர் இருந்த இடத்தில் ஒரு தாளை ஒட்டி, பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். நான் பேனாவை எடுத்து, கள்ளியின் அடியில், அந்தக் கொம்பிலிருந்து தொடங்கி என் பெயரை எழுதிவிட்டேன்.

இந்த ஆல்பத்தில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இடது காதைப் பார்த்தால் தெரிந்துவிடும். இருந்தால், அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிடுங்கள், அல்லது கூப்பிடுங்கள். மூலக் கோப்பு என்னிடம் இருக்கிறது, வாட்ஸ்அப் படத்தைவிட அச்சில் நன்றாக வரும்.

இப்படிக்கு,
பெயர் கள்ளிச்செடியின் அடியில்